கெய்னை ஏத்தியும் சோலோ கேட்கலையா? எலெக்ட்ரிக் கிட்டாருக்கு சரியான பிக்கப்பை தேர்வு செய்வது எப்படி? - முழு விளக்கம்

வீட்டில் தனியாக வாசிக்கும்போது எல்லாம் சரியாகத்தான் இருக்கும். ஆம்ப்பில் கெய்னை ஏற்றிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வாசித்தால் நமக்கே புல்லரிக்கும். அதே கிட்டாரோடு பேண்ட் ரிகர்சலுக்குப் போனால் கதையே வேற. டிரம்ஸும் பேஸும் ஆரம்பித்த அடுத்த நொடி, நம்ம சோலோ எங்கே போச்சுன்னே தெரியாது. வேகமாக வாசிக்கும் இடமெல்லாம் கூழ் மாதிரி கலங்கிவிடும். வாசிப்பதை நிறுத்தினால் 'உஸ்ஸ்' என்ற இரைச்சல் மட்டும் மிச்சம்.

உடனே என்ன செய்வோம்? நண்பர்களிடம் கேட்போம். "பிக்கப்பை மாத்து ப்ரோ, செம ஹாட்டா ஒண்ணு போடு" என்று பதில் வரும். மாதக்கணக்கில் சேர்த்த காசைப் போட்டு, கிடைப்பதிலேயே அதிக அவுட்புட் உள்ள பிக்கப்பை வாங்கி மாட்டுவோம். அடுத்த ரிகர்சலில் சத்தம் கூடியிருக்கும். கூழ் அப்படியே இருக்கும்.

இதற்குக் காரணம் ஒரு சின்ன குழப்பம்தான். அதிக கெய்ன் என்பதும், அதிக அவுட்புட் பிக்கப் என்பதும் ஒன்றல்ல. இந்த வித்தியாசம் புரிந்துவிட்டால் பாதி வேலை முடிஞ்சது. வாங்க, ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

பிக்கப் என்ன வேலை செய்கிறது?

எலெக்ட்ரிக் கிட்டாரில் ஸ்ட்ரிங்குகளுக்குக் கீழே பெட்டி மாதிரி இருப்பதுதான் பிக்கப். உள்ளே இரண்டே விஷயம்தான். ஒன்று காந்தம். இன்னொன்று, அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றப்பட்ட மெல்லிய செப்புக் கம்பி. பெரும்பாலும் பயன்படும் கம்பியின் தடிமன் சுமார் 0.06 மில்லி மீட்டர். கிட்டத்தட்ட ஒரு தலைமுடி அளவுதான்.

இரும்பு கலந்த ஸ்ட்ரிங் அதிரும்போது காந்தப்புலம் அசைகிறது. அந்த அசைவு செப்புச் சுருளில் சின்ன மின்சாரத்தை உண்டாக்குகிறது. பள்ளிக்கூடத்தில் படித்த ஃபாரடேயின் மின்காந்தத் தூண்டல்தான் இது. அந்தச் சின்ன மின்சாரம் கேபிள் வழியாக ஆம்ப்புக்குப் போய், அங்கே பெரிதாகி ஸ்பீக்கரில் சத்தமாகிறது.

ஆக, டிஸ்டார்ஷனை உருவாக்குவது பெரும்பாலும் ஆம்ப்போ பெடலோதான். எந்த மாதிரியான சத்தம் அந்த ஆம்ப்புக்குள் போக வேண்டும் என்பதைத்தான் பிக்கப் முடிவு செய்கிறது. மிக்ஸி எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும், உள்ளே என்ன போட்டோமோ அதுதானே அரைபடும்?

அப்போ 'ஹாட்' பிக்கப் எதற்காக வந்தது?

இதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கு. 1970களின் தொடக்கத்தில் இருந்த ஆம்ப்களில் இன்று போல கெய்ன் கிடையாது. வால்யூமை உச்சத்துக்கு வைத்தால்தான் சத்தம் உடைய ஆரம்பிக்கும். அதனால் கிட்டாரிலிருந்து வரும் சிக்னலையே பலமாக்கி ஆம்ப்பைத் தள்ள வேண்டியிருந்தது.

இந்தத் தேவைக்காகவே 1972ல் அமெரிக்காவின் லாரி டிமார்சியோ 'சூப்பர் டிஸ்டார்ஷன்' என்ற பிக்கப்பைக் கொண்டு வந்தார். கிட்டார் வாங்கிய பிறகு பிக்கப்பைத் தனியாக வாங்கி மாட்டும் பழக்கம் பரவியதே அதற்குப் பிறகுதான். கிஸ் பேண்டின் ஏஸ் ஃப்ரேலி, அயர்ன் மெய்டன் பேண்டின் டேவ் மர்ரே எல்லாம் அதை வாசித்தவர்கள்.

ஆனால் இன்றைய நிலைமை வேறு. இப்போது வரும் ஆம்ப்களிலும், மல்டி எஃபெக்ட்ஸ் பெட்டிகளிலும், மொபைல் ஆப்களிலும் கூட தேவைக்கு மேல் கெய்ன் இருக்கிறது. ஆம்ப்பைத் தள்ளுவதற்காகவே பிக்கப் ஹாட்டாக இருக்க வேண்டிய கட்டாயம் இப்போ இல்லை. 50 வருஷத்துக்கு முந்தைய பிரச்னைக்கான தீர்வை, இன்றைய பிரச்னைக்கு வாங்கிக்கொண்டிருக்கிறோம் என்பதுதான் உண்மை.

குறைந்த அவுட்புட்டில் ராக் வாசிக்க முடியுமா?

தாராளமாக முடியும். 1978ல் வெளியான வான் ஹேலன் பேண்டின் முதல் ஆல்பம் ராக் கிட்டார் சத்தத்தையே மாற்றிப் போட்டது. எடி வான் ஹேலன் தானே உதிரி பாகங்களைச் சேர்த்து உருவாக்கிய அந்த கிட்டாரில், பிரிட்ஜ் பக்கம் இருந்தது பழைய கிப்சன் கிட்டாரிலிருந்து கழற்றிய ஒரு சாதாரண ஹம்பக்கர். மிச்ச வேலையைச் செய்தது உச்சத்தில் வைத்த மார்ஷல் ஆம்ப்பும் அவருடைய விரல்களும்தான்.

1987ல் வந்த கன்ஸ் அண்ட் ரோசஸ் பேண்டின் முதல் ஆல்பத்தில் ஸ்லாஷ் வாசித்ததும் செய்மோர் டங்கன் நிறுவனத்தின் 'அல்னிகோ 2 ப்ரோ' என்ற மிதமான பிக்கப்தான். இங்வே மால்ம்ஸ்டீன் இன்னும் ஒரு படி மேலே. மின்னல் வேகத்தில் வாசிக்கும் அவர், நீண்ட காலம் பயன்படுத்திய டிமார்சியோ எச்எஸ்-3 பிக்கப் அவுட்புட் ரொம்பவே குறைவானது.

சிங்கிள் காயிலா, ஹம்பக்கரா?

பிக்கப்பில் அடிப்படையாக இரண்டு வகை. ஒரே ஒரு சுருள் இருந்தால் சிங்கிள் காயில். சத்தம் பளிச்சென்று இருக்கும். ஆனால் சுற்றியுள்ள மின்சார இரைச்சலையும் சேர்த்துப் பிடித்துவிடும். இந்தியாவில் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அந்த 50 ஹெர்ட்ஸ் ரீங்காரமும் அதன் மடங்குகளும்தான் நாம் கேட்கும் 'ம்ம்ம்'. க்ளீன் டோனில் இது பெரிதாகத் தெரியாது. கெய்னை ஏற்றினால் இரைச்சலும் சேர்ந்தே ஏறும்.

இதற்குத் தீர்வு கண்டவர் கிப்சன் நிறுவனத்தில் வேலை பார்த்த செத் லவர். இரண்டு சுருள்களை அருகருகே வைத்து, இணைப்பைத் தலைகீழாக்கினார். வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் எதிரெதிராக வந்து ஒன்றையொன்று அழித்துவிடும். காந்த முனைகளையும் தலைகீழாக வைத்ததால், ஸ்ட்ரிங்கின் சத்தம் மட்டும் அழியாமல் ஒன்றோடொன்று சேரும். ஹம்மை எதிர்ப்பதால் பெயர் ஹம்பக்கர். 1955ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1959ல் கிடைத்தது. இடைப்பட்ட காலத்தில் பிக்கப்பின் அடியில் 'காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது' என்ற பொருளில் ஆங்கில ஸ்டிக்கர் ஒட்டப்பட்டது. அந்த வாசகத்தின் சுருக்கம்தான் இன்றைக்கும் கடைகளில் சொல்லப்படும் 'பிஏஎஃப்'.

ஹை கெய்ன் லீட் வாசிக்க ஹம்பக்கர்தான் பாதுகாப்பான தேர்வு. உங்களுடையது மூன்று சிங்கிள் காயில் உள்ள ஸ்ட்ராட் வகை கிட்டாரா? கவலை வேண்டாம். மரத்தைச் செதுக்காமல் அதே இடத்தில் பொருந்தும் சிறிய ஹம்பக்கர்களும் கிடைக்கின்றன. செய்மோர் டங்கன் 'ஹாட் ரெயில்ஸ்', டிமார்சியோ 'ஃபாஸ்ட் ட்ராக்' போன்றவை அந்த வகை.

அந்த 'கே' நம்பரை நம்பலாமா?

கடையில் முதலில் சொல்வது இதைத்தான். "இது 8 கே, அது 16 கே. 16 தான் பவர்." இங்கே 'கே' என்பது கிலோ ஓம், அதாவது சுருளின் மின்தடை. இதை பவர் என்று எடுத்துக்கொள்வதுதான் பெரும்பாலானோர் செய்யும் தவறு.

சுற்றுகள் அதிகமானால் மின்தடை கூடும் என்பது உண்மைதான். ஆனால் கம்பியை இன்னும் மெல்லியதாக்கினாலும் மின்தடை கூடும். சுற்று அதே அளவு, அவுட்புட்டும் கிட்டத்தட்ட அதேதான். நம்பர் மட்டும் ஏறிவிடும். வெயிலுக்கும் இது மாறும். 20 டிகிரி ஏசி அறையில் 8 கே காட்டும் பிக்கப், 35 டிகிரி வெயிலில் சுமார் 8.5 காட்டும். செப்பின் குணம் அப்படி.

ஒரே மாதிரி கம்பி, ஒரே மாதிரி காந்தம் உள்ள இரண்டு பிக்கப்களை ஒப்பிடும்போது மட்டும்தான் அந்த நம்பருக்கு அர்த்தம் உண்டு.

இன்னொன்றையும் கவனிங்க. சுற்றுகள் கூடக் கூட மிட் சத்தம் முன்னால் வரும், ட்ரெபிள் மங்கும். ஓரளவுக்கு இது லீடுக்கு நல்லதுதான், சத்தம் தடிமனாக இருக்கும். அளவு மீறினால் பிக் ஸ்ட்ரிங்கைத் தொடும் அந்த 'டக்' என்ற தெளிவு போய்விடும். அந்தத் தெளிவு போனால்தான் வேகமான நோட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன.

காந்தத்தில் என்ன வித்தியாசம்?

பெரும்பாலும் பயன்படுவது இரண்டு வகை. அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த அல்னிகோ ஒன்று. செராமிக் இன்னொன்று.

அல்னிகோ 2: மென்மையான குணம். அழுத்தி வாசித்தால் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். ப்ளூஸ் கலந்த ராக் லீடுக்குப் பொருந்தும்.

அல்னிகோ 5: அதைவிட பலமானது. பேஸும் ட்ரெபிளும் தெளிவாக இருக்கும். எல்லா வகை இசைக்கும் பொதுவான தேர்வு.

செராமிக்: இறுக்கமான பேஸ், கூர்மையான அட்டாக். மெட்டல் ரிஃப்களுக்கும் வேகமான பிக்கிங்குக்கும் பிடித்தமானது. மலிவான கிட்டார்களிலும் செராமிக்தான் இருக்கும் என்பதால் 'செராமிக்னாலே மட்டம்' என்று ஒரு பேச்சு உண்டு. அது சரியல்ல. எப்படிச் சுற்றியிருக்கிறார்கள் என்பதும் சேர்ந்துதான் தரத்தை முடிவு செய்யும்.

பேட்டரி போடும் ஆக்டிவ் பிக்கப் தேவையா?

பேட்டரி இல்லாமல் வேலை செய்பவை பேஸிவ். 9 வோல்ட் பேட்டரியில் ஓடுபவை ஆக்டிவ். இவற்றில் சுருள் சிறியது. உள்ளேயே ஒரு ப்ரீஆம்ப் இருக்கும். இரைச்சல் மிகக் குறைவு, நீளமான கேபிள் போட்டாலும் ட்ரெபிள் குறையாது, பேஸ் இறுக்கமாக இருக்கும்.

1976ல் ராப் டர்னர் தொடங்கிய இஎம்ஜி நிறுவனம்தான் இதில் பிரபலம். மெட்டாலிகாவின் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட், கிர்க் ஹாமெட் இருவரும் இஎம்ஜி ரசிகர்கள். பிரிட்ஜில் 81, நெக்கில் 85 என்ற ஜாக் வைல்டின் கூட்டணியும் ரொம்பப் பிரசித்தம். ஆக்டிவ் என்றாலே மெட்டல் மட்டும்தான் என்றும் நினைக்க வேண்டாம். பிங்க் ஃப்ளாய்டின் டேவிட் கில்மர் தன் சிவப்பு ஸ்ட்ராடில் பல வருஷம் வைத்திருந்தது இஎம்ஜி பிக்கப்தான். 2014ல் வந்த ஃபிஷ்மன் 'ஃப்ளூயன்ஸ்' வகையில் கம்பி சுற்றுவதே கிடையாது. சர்க்யூட் போர்டு மாதிரி அச்சிட்ட அடுக்குகள்தான் சுருள். ஒரே பிக்கப்பில் ஒன்றுக்கு மேற்பட்ட டோன்களும் கிடைக்கும்.

குறை என்ன? மெதுவாகத் தொட்டாலும் அழுத்தித் தொட்டாலும் சத்தம் ஒரே மாதிரி இருக்கு என்று சிலர் சொல்வார்கள். கேபிளைக் கழற்றாமல் விட்டால் பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும். கச்சேரி நடுவில் சத்தம் கரகரத்தால் முதலில் பார்க்க வேண்டியது பேட்டரியைத்தான். ஒரு கிட்டாரில் ஒன்று ஆக்டிவ், ஒன்று பேஸிவ் என்று கலப்பதும் சிக்கல். பேஸிவ் ஹம்பக்கருக்கு வழக்கமாக 500 கே வால்யூம் பாட், ஆக்டிவ் இஎம்ஜிக்கு 25 கே. இரண்டுக்கும் ஒரே பாட் ஒத்துப்போகாது.

பிரிட்ஜுக்கு ஒன்று, நெக்குக்கு வேறொன்று: ஏன்?

ஸ்ட்ரிங் பிரிட்ஜ் பக்கத்தில் கொஞ்சமாகத்தான் அதிரும். நெக் பக்கம் போகப்போக அதிர்வு அகலமாகும். ஒரே பிக்கப்பை இரண்டு இடத்திலும் வைத்தால் நெக் பக்கம் சத்தமாகவும் குண்டாகவும் கேட்கும்.

அதனால் பிரிட்ஜில் கொஞ்சம் பலமானது, நெக்கில் மிதமானது என்பதுதான் வழக்கம். பிரிட்ஜில் சுமார் 16 கே உள்ள செய்மோர் டங்கன் 'ஜேபி', நெக்கில் அதில் பாதி கூட இல்லாத '59' என்பது பல வருஷமாக ஓடும் ஜோடி. பால் கில்பர்ட் தன் ஐபனேஸ் கிட்டாரில் பிரிட்ஜுக்கு 'டோன் ஸோன்', நெக்குக்கு 'பிஏஎஃப் ப்ரோ' வைத்ததும் இதே கணக்குதான்.

'ஜேபி' என்பது ஜெஃப் பெக் பெயரோடு சேர்ந்தது. 1970களில் செய்மோர் டங்கன் அவருக்காக உருவாக்கிக் கொடுத்த கிட்டாரில்தான் அந்த பிக்கப்பின் கதை தொடங்குகிறது. 1975ல் வந்த ஜெஃப் பெக்கின் 'ப்ளோ பை ப்ளோ' ஆல்பத்தில் அந்த கிட்டார் ஒலிக்கிறது.

உங்க ஸ்டைலுக்கு எது?

1. ஹார்ட் ராக், ப்ளூஸ் கலந்த லீட்: மிதமான அவுட்புட், அல்னிகோ 2 அல்லது 5. 'அல்னிகோ 2 ப்ரோ', '59' வகை. வால்யூமைக் குறைத்தால் சத்தம் தானாகவே சுத்தமாகும். ரிதமும் லீடும் ஒரே ஆளாக வாசிப்பவர்களுக்கு இது வசதி.

2. 1980கள் பாணி, பாடுவது போல நீளும் லீட்: மிட் தூக்கலான, கொஞ்சம் ஹாட்டான பிரிட்ஜ் பிக்கப். 'ஜேபி', 'சூப்பர் டிஸ்டார்ஷன்', 'டோன் ஸோன்' வகை. இதில் ஒரு எச்சரிக்கை: 'டோன் ஸோன்' பேஸும் மிட்டும் நிறைந்தது. உங்க ஆம்ப்பே ஏற்கெனவே இருண்ட சத்தம் என்றால் இன்னும் கலங்கிவிடும்.

3. மாடர்ன் மெட்டல், ட்யூனிங்கை இறக்கி வேகமாக வாசிப்பவர்கள்: இறுக்கமான பேஸ் முக்கியம். 'இஎம்ஜி 81', 'ஃப்ளூயன்ஸ் மாடர்ன்', அல்லது பேஸிவ் செராமிக் ஹம்பக்கர்.

4. ஸ்ட்ராடில் நியோ கிளாசிக்கல் லீட்: ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டு சுருள் வைத்த 'ஸ்டாக்' வகை. பார்க்க சிங்கிள் காயில் மாதிரியே இருக்கும், இரைச்சல் இருக்காது.

பொதுவான விதி ஒன்றுதான். உங்க கிட்டாரும் ஆம்ப்பும் சேர்ந்து எதில் குறையாக இருக்கோ, அதை நிரப்பும் பிக்கப்பைத் தேடுங்க. சத்தம் ஏற்கெனவே குண்டாக இருந்தால் தெளிவான பிக்கப். காதைக் குத்துகிற மாதிரி இருந்தால் மிட் அதிகமான பிக்கப்.

காசு செலவழிக்கும் முன் செய்ய வேண்டியவை

பிக்கப் மாற்றுவது கடைசிப் படியாக இருக்கட்டும். முதலில் இவற்றைச் செய்து பாருங்க. இதில் பெரும்பாலானவை இலவசம்.

கெய்னைக் குறையுங்கள்: இப்போது வைத்திருப்பதில் கால்வாசியைக் குறைத்துவிட்டு பேண்டோடு வாசிக்கவும். டிஸ்டார்ஷன் ஒரு கட்டத்துக்கு மேல் சத்தத்தை நசுக்க மட்டுமே செய்யும். முன்னால் வர வேண்டிய நோட் பின்னால் போவது இதனால்தான்.

மிட்டை வெட்டாதீர்கள்: தனியாக வாசிக்கும்போது மிட்டைக் குறைத்தால் கெத்தாக இருக்கும். பேண்டில் கிட்டார் காணாமல் போக முதல் காரணமே இதுதான்.

பிக்கப் உயரத்தைச் சரிசெய்யுங்கள்: ஸ்க்ரூ டிரைவர் ஒன்று போதும். ஓரத்து ஸ்ட்ரிங்குகளைக் கடைசி ஃப்ரெட்டில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஸ்ட்ரிங்கின் அடிப்பகுதிக்கும் பிக்கப் முனைக்கும் உள்ள இடைவெளியை அளக்கவும். ஹம்பக்கருக்கு பிரிட்ஜில் சுமார் 1.6 மி.மீ., நெக்கில் சுமார் 2.4 மி.மீ. என்பது நல்ல தொடக்கம். அதிலிருந்து காது சொல்கிறபடி மாற்றலாம். ரொம்ப நெருக்கினால் காந்தம் ஸ்ட்ரிங்கை இழுக்கும். நோட் சீக்கிரம் அடங்கிவிடும், சுருதியும் தடுமாறும். "ஹாட் பிக்கப் போட்டும் சஸ்டெய்ன் இல்லை" என்ற புகாருக்குப் பல நேரம் இதுதான் காரணம்.

பேஸை முன்கூட்டியே குறையுங்கள்: டிஸ்டார்ஷனுக்குள் பேஸ் அதிகமாகப் போனால்தான் கூழாகிறது. ட்யூப் ஸ்க்ரீமர் வகை பெடலில் டிரைவை அடியில் வைத்து, லெவலை ஏற்றி, ஆம்ப்புக்கு முன்னால் போட்டால் பேஸ் குறைந்து சத்தம் இறுகும். உலகம் முழுக்க மெட்டல் கிட்டாரிஸ்ட்டுகள் கையாளும் பழைய உத்தி இது.

புது ஸ்ட்ரிங், நல்ல கேபிள்: துருப்பிடித்த ஸ்ட்ரிங்கில் எந்த பிக்கப்பும் மங்கலாகத்தான் கேட்கும்.

எர்த்திங் பாருங்கள்: ஸ்ட்ரிங்கைத் தொட்டால் இரைச்சல் குறைவது பல கிட்டார்களில் இயல்பு. ஆனால் ஸ்ட்ரிங்கையோ மைக்கையோ தொட்டால் ஷாக் அடிக்கிற மாதிரி இருந்தால் உடனே வாசிப்பதை நிறுத்திவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க. இரைச்சலைக் குறைக்கிறேன் என்று பிளக்கின் எர்த் பின்னை வெட்டுவது உயிருக்கே ஆபத்து.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

ஸ்ட்ரிங் இடைவெளி: ஃபிளாய்டு ரோஸ் போன்ற பிரிட்ஜ்களில் ஸ்ட்ரிங்குகள் அகலமாக இருக்கும். அதற்கென அகலமான பிரிட்ஜ் பிக்கப் தனியாக வருகிறது. பழைய கிப்சன் அளவு சுமார் 49-50 மி.மீ., அகலமானது 51-53 மி.மீ. அளந்துவிட்டு ஆர்டர் போடுங்க.

வயர் நிறம்: ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு நிறம் வைத்திருக்கும். ஒரு நிறுவனத்தின் வரைபடத்தைப் பார்த்து இன்னொன்றை சால்டர் செய்தால் இரண்டு பிக்கப்பும் சேரும்போது சத்தம் மெலிந்து மூக்கடைத்த மாதிரி கேட்கும்.

மெழுகு: ஹை கெய்னில் கீச்சென்று கத்தாமல் இருக்க, சுருள்கள் மெழுகில் ஊறவைக்கப்பட்டிருக்க வேண்டும். பழைய பாணி பிக்கப்கள் சிலவற்றில் இது இருக்காது. கேட்டு வாங்குங்க.

போலி: பிரபல பிராண்டுகளுக்குப் போலிகள் நிறைய. விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால், அதை நம்பாமல் இருப்பதே நல்லது.

சுருக்கமாகச் சொன்னால்...

கெய்ன் ஆம்ப்பில் இருக்கு. பிக்கப்பில் தேட வேண்டியது தெளிவு, மிட், இறுக்கமான பேஸ் ஆகிய மூன்றும்தான். 'கே' நம்பரைப் பார்த்து வாங்காதீங்க. முதலில் கெய்ன், மிட், உயரம் மூன்றையும் சரிசெய்து ஒரு ரிகர்சலை மொபைலில் ரெக்கார்ட் பண்ணிக் கேளுங்க. அதிலும் குறை தெரிந்தால், என்ன குறை என்று ஒரு வரியில் எழுதிக்கொண்டு கடைக்குப் போங்க. அந்த ஒரு வரி எழுத வரவில்லை என்றால், இன்னும் பிக்கப் வாங்கும் நேரம் வரவில்லை என்று அர்த்தம்.

மாற்றினாலும் பழைய பிக்கப்பைத் தூக்கிப் போட்டுடாதீங்க. ஆறு மாதம் கழித்து அதுவே நல்லா இருந்துச்சே என்று தோன்றலாம்.